கிளிநொச்சியில் ஒரு பாமசி: இன்சுலின் பேனை பாவிப்பவர்களுக்காக

கிளிநொச்சி நகரில் இன்சுலின் பேனைக்கு மருந்து எங்கே வாங்கலாம் என்று யாராவது கேட்டால், ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு சின்னப் பாமசியைத்தான் நான் கைகாட்டுவேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே நடந்த ஒரு பிழையைப் பற்றியும் எழுதப்போகிறேன். பெயரைப் போட்டால் அது எந்தப் பிள்ளையின் கையால் நடந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும். நேரில் கேட்பவர்களுக்கு வழி சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது விசுவமடுவில். மாமிக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். போத்தல் மருந்தை ஊசியில் இழுத்துத்தான் முன்பு போட்டு வந்தார். கண் பார்வை குறையக் குறைய ஊசியில் உள்ள கோடுகள் தெரியாமல் போய்விட்டன. அதனால் கிளினிக் டொக்டர் பேனைக்கு மாற்றிவிட்டார். திருகினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் டிக் டிக் என்று சத்தம் வரும், எண்ணும் பெரிதாகத் தெரியும். மாமிக்கு அது பிடித்துக்கொண்டது.

நான் சுவிசில் இருந்த காலத்தில் வேலை செய்தது, மருந்தை ஊசிக்குள்ளேயே நிரப்பி அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில், தரப் பரிசோதனைப் பகுதியில். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எந்தப் பாமசிக்குள் போனாலும் என் கண் முதலில் பிரிட்ஜைத்தான் தேடும்.

இந்தக் கடைப் பிரிட்ஜுக்குள் குளிர்பானம் இல்லை, சாப்பாட்டுப் பெட்டி இல்லை. மருந்து மட்டும். நடுத்தட்டில் வெப்பமானி ஒன்று வைத்திருக்கிறார்கள். கதவில் ஒட்டிய தாளில் காலையிலும் பின்னேரமும் வெப்பநிலை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனால் உருகிய பிறகும் அது குப்பைக்குத்தான். உறைபெட்டிக்குப் பக்கத்துத் தட்டில் அவர்கள் ஒன்றுமே வைப்பதில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுகிறார்கள். வாங்கும்போது ஐஸ் பொதியோடு சின்ன ரெஜிபோம் பெட்டியில் வைத்துத் தருகிறார்கள், மருந்து ஐஸில் நேரே படாதபடி இடையில் கடதாசி மடித்து வைத்து. பரந்தன் சந்தியில் பஸ் மாறி, தருமபுரம் தாண்டி, வெயிலுக்குள் வீடு போய்ச் சேரும் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, சொல்லித்தரும் விதம். மாமிக்குக் கொடுத்திருப்பது 30/70 கலவை மருந்து. அதில் 30 வீதம் விரைவாக வேலை செய்வது, 70 வீதம் மெதுவாக இழுத்துச் செய்வது. மெதுவானது அடியில் படிந்துவிடும். கடையை நடத்தும் பெண் மருந்தாளர் மாமியை வாங்கில் இருத்தி, பேனைக்குள் போடும் மருந்துக் குழாயான காட்ரிஜை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடியில் வெள்ளையாக ஒரு படிவு, மேலே தெளிந்த தண்ணீர், உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி மணி. “அம்மா, இந்த மணி இங்கேயும் அங்கேயும் ஓட வேணும். உள்ளங்கைக்குள் வைத்துப் பத்துத்தரம் உருட்டுங்கோ, பத்துத்தரம் மேலும் கீழும் திருப்புங்கோ. முழுக்கப் பால் நிறமாக வந்தால்தான் போட வேணும்” என்றார். மாமி உருட்டினார். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள், அவசரப்படுத்தவில்லை.

இரண்டு யூனிட் வைத்து ஊசி முனையில் ஒரு சொட்டு வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது, குத்திய பிறகு உடனே இழுக்காமல் ஆறு எண்ணும் வரைக்குமாவது பிடித்திருப்பது, முடிந்ததும் ஊசியைக் கழற்றிவிடுவது, எல்லாவற்றையும் மாமியின் கையாலேயே செய்யவைத்தார். கடைசியாகச் சொன்னதைத்தான் எங்கள் பக்கம் அதிகம் பேர் செய்வதில்லை. ஊசியைப் பூட்டியபடியே வைத்தால் வெக்கைக்கு மருந்து கசியும், ஆறும்போது காற்று உள்ளே போகும். கலவை மருந்தில் தண்ணீர்ப் பகுதி மட்டும் கசிந்தால் மிச்சம் இருப்பதன் கடுமையே மாறிவிடும்.

சரி, பிழைக்கு வருகிறேன்.

ஒருநாள் மருந்து வாங்கி வந்து பெட்டியைப் பிரிட்ஜில் வைத்துவிட்டோம். பேனையில் பழைய காட்ரிஜ் இன்னும் முடியவில்லை. பின்னேரம் மருந்தாளரிடமிருந்து போன் வந்தது. சுகம் விசாரிக்கவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை.

“அக்கா, இண்டைக்குத் தந்த பெட்டியை உடைச்சிட்டீங்களா?”

“இல்லை.”

“உடைக்க வேண்டாம். நாங்கள் மாறித் தந்திட்டம். அது கலவை மருந்து இல்லை, விரைவாக வேலை செய்யிற மருந்து. அம்மாவுக்கு அதைப் போடக் கூடாது. நான் சரியானதைக் கொண்டுவாறன்.”

பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். ஒரே கம்பனியின் பெட்டி, ஒரே வெள்ளை, ஒரே எழுத்து. பெயரின் முன்பாதியும் ஒன்று. வித்தியாசம் ஓரத்தில் ஓடும் ஒரு நிறக் கோட்டில் மட்டும். இரண்டையும் அருகருகே வைத்தால் சின்னப் பிள்ளையும் கண்டுபிடிக்கும். ஒன்று மட்டும் கையில் இருந்தால் படித்தவருக்கும் தடுமாறும். மாமியின் காலை அளவு முழுவதும் அந்த மருந்தாகப் போயிருந்தால் கொஞ்ச நேரத்திலேயே சீனி இறங்கி மயங்கியிருப்பார். வெள்ளாப்பில் நான் வயலுக்குப் போய்விட்டால் வீட்டில் பார்க்க ஆளில்லை.

இருட்டும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஓட்டி வந்தவர் மருந்தாளரின் கணவர். பின்னால் ரெஜிபோம் பெட்டியோடு இருந்தவர் கடையில் நிற்கும் தம்பி, அன்றைக்கு எங்களுக்கு மருந்து எடுத்துத் தந்தவர். அவர் நேரே மாமியிடம் போய், “அம்மம்மா, நான்தான் மாறித் தந்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். பிறகு இரண்டு காட்ரிஜையும் வெளிச்சத்தில் பிடித்து, “இது தெளிஞ்ச மருந்து, உங்கட மருந்து கலங்கலானது. இனி யார் தந்தாலும், நாங்கள் தந்தாலும், தெளிவாய் இருந்தால் போடாதேங்கோ” என்று காட்டினார். மாமி அவரை ஏசவில்லை. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார்.

பிழை எப்படித் தெரியவந்தது என்று கேட்டேன். பின்னேரத்தில் பிரிட்ஜில் இருப்பதை எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுவது அவர்கள் வழக்கம். ஒன்றில் ஒரு பெட்டி கூட, மற்றதில் ஒரு பெட்டி குறைவு. எண்ணியவரும் இதே தம்பிதான். மருந்தாளர் அப்போது கடையின் முன்பக்கம் நின்றிருக்கிறார். கணக்கை அப்படி இப்படித் திருத்தி எழுதியிருந்தால் அன்றைக்கு ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் நேரே போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஏன் சொன்னார் என்பதுதான் என்னை உறுத்திய கேள்வி. ஏனென்றால் எங்கள் ஊரில் வேலைத்தலம் எப்படி என்று எனக்குத் தெரியும். வேறொரு கடையில், பில் பிழையாக அடித்ததற்காக ஒரு பிள்ளையை முதலாளி வாடிக்கையாளர்களுக்கு முன்னால் ஏசியதையும், அந்தப் பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கம் போனதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அடுத்த பிழையைச் சொல்லுமா? வேலை கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் இடம் இது. குடும்பத்தில் சம்பளம் எடுப்பது அந்த ஒரு பிள்ளை மட்டுமாகவும் இருக்கலாம். பயத்தில் மறைக்கத்தான் செய்யும். மருந்துக்கடையில் மறைத்தால் அது போய் விடிவது யாரோ ஒருவரின் உடம்பில்.

அடுத்த முறை போனபோது மருந்தாளரிடம் இதைப் பற்றிக் கதைத்தேன். மேசை லாச்சிக்குள்ளிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டிருக்கிறது: திகதி, என்ன நடந்தது, எதுவரை போனது, எப்படிப் பிடிபட்டது, என்ன மாற்றினோம். யார் செய்தார் என்பதற்குக் கட்டம் இல்லை. “யாரென்று எழுதினால் பிறகு ஒருத்தரும் எழுத மாட்டினம் அக்கா” என்றார். அந்தக் கொப்பியில் மருந்தாளரே செய்த பிழைகளும் இருக்கின்றன, அவருடைய கையெழுத்திலேயே. பின்பு நான் கேட்காமலே ஒன்று சொன்னார். தெரியாமல் நடந்ததற்குக் கடையில் ஏச்சு இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு மறைத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். அது எனக்குச் சரியாகவே பட்டது.

எங்கள் பிழைக்கு நேரே “என்ன மாற்றினோம்” என்ற கட்டத்தில் எழுதியிருந்தவை இவை. இரண்டு பெட்டிகளும் இனி ஒரே தட்டில் இருக்காது. விரைவு மருந்து சிவப்புக் கூடையில். எடுத்தவர் மருந்துத் துண்டையும் பெட்டியையும் சேர்த்து வாய்விட்டு வாசிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். கிளினிக் நாட்களில் காலை நெரிசல் நேரத்தில் இன்சுலினை ஒருவர் தனியே எடுத்துக் கொடுப்பதில்லை. நான் நின்ற நேரத்திலேயே ஒரு ஐயாவுக்கு அப்படி வாசித்துக் கொடுத்தார்கள். “தம்பி, கவனமாய் இரு” என்று சொல்லிவிடுவது லேசு. ஒரேமாதிரியான இரண்டு பெட்டிகள் ஒரே தட்டில், நெரிசல் வேளை, தனி ஆள்: இந்த மூன்றும் அப்படியே இருந்தால் எவ்வளவு கவனமான பிள்ளைக்கும் இன்னொரு நாள் கை மாறும். மருந்தாளர் இதை விளங்கிக்கொண்டு அந்த மூன்றையும்தான் மாற்றியிருக்கிறார்.

சுவிசிலும் எங்களுக்கு அதுதான் முதற்பாடம். வழமைக்கு மாறாக எது நடந்தாலும் அறிக்கை எழுத வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்த யாருக்கும் உரிமை உண்டு. என்னோடு நின்ற ஒரு பெண் ஒருநாள் இறப்பர் அடைப்பான் ஒன்று ஊசிக்குள் கொஞ்சம் சரிந்து இறங்குவதுபோலத் தெரிகிறது என்று இயந்திரத்தை நிறுத்தினார். பார்த்தால் ஒன்றுமில்லை. மேற்பார்வையாளர் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஒன்றுமில்லாததற்கு நிறுத்தியவரையும் ஏசக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். இல்லாவிட்டால் உண்மையிலேயே ஏதாவது இருக்கும் நாளில் கை நீளாது.

மருந்தும் கருவியும் சேர்ந்த பொருட்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். குளிசையை விழுங்கினால் அதோடு சரி. பேனை, மருந்து நிரப்பிய ஊசி, முட்டு வருத்தத்துக்கு இழுக்கும் பம்ப், இதயக் குழாய்க்குள் வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட், இவற்றில் மருந்து நல்லதாக இருந்தும் கருவி கெடுத்துவிடலாம். கருவி நல்லதாக இருந்தும் மருந்தோடு ஒத்துவராமல் போகலாம். ஊசியின் கண்ணாடிக்குள் அடைப்பான் வழுக்கி ஓடுவதற்காக மெல்லிதாக சிலிக்கோன் எண்ணெய் பூசுவார்கள். குறைந்தால் அடைப்பான் இறுகும். கூடினால் எண்ணெய் மருந்துக்குள் கலந்து சில புரத மருந்துகளைத் திரளச் செய்யும். கண்ணாடியில் ஊசித் துளையை உருவாக்கும்போது பாவிக்கும் டங்ஸ்டன் கம்பியின் துகள் எஞ்சினாலும் அப்படித்தான். இறப்பரிலிருந்து மெதுவாக ஏதாவது ஊறி இறங்கலாம். இவையெல்லாம் முதல் நாளில் தெரிவதில்லை. மாதக் கணக்கில் வைத்துப் பார்த்துத்தான் தெரியும். மருந்துக்காரர் ஒரு பக்கம், கருவிக்காரர் ஒரு பக்கம், இருவருக்கும் வேறு வேறு படிப்பு, வேறு வேறு விதிமுறை. ஒருவர் செய்யும் சின்ன மாற்றம் மற்றவரின் பரிசோதனையை முதலிலிருந்து தொடங்க வைக்கும்.

சட்டத்துக்கும் இது தலையிடிதான். இதை மருந்தென்று பார்ப்பதா, கருவியென்று பார்ப்பதா? அமெரிக்காவில் இதற்கென்றே 2002இல் தனி அலுவலகம் ஒன்று அமைத்தார்கள். எந்தப் பகுதி முதன்மையாக வேலை செய்கிறது என்பதை வைத்து எந்தப் பிரிவு பரிசீலிக்கும் என்று தீர்மானிக்கிறார்கள். தயாரிப்பு விதிகள் 2013இல் வந்தன. இங்கே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை மருந்துகளையும் பார்க்கிறது, மருத்துவக் கருவிகளையும் பார்க்கிறது, இரண்டுக்கும் எல்லையில் நிற்கும் பொருட்களையும் பார்க்கிறது.

பெரிய கம்பனியே இதில் சறுக்கிய கதை உண்டு. மூச்சால் இழுக்கும் இன்சுலின் என்று பைசர் கம்பனியின் எக்சுபெராவுக்கு 2006 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து சீனியைக் குறைத்தது. ஆனால் கருவி பெரிது, ஆட்களுக்கு முன்னால் எடுத்துப் பாவிக்கச் சங்கடம். அளவும் பழகிய யூனிட்டில் இல்லாமல் மில்லிகிராமில் இருந்தது. நுரையீரல் சோதனையும் செய்ய வேண்டியிருந்தது. நோயாளரும் எடுக்கவில்லை, டொக்டர்மாரும் எழுதவில்லை. 2007 ஒக்டோபரில் கைவிட்டார்கள். நட்டம் 280 கோடி டொலர். இன்னொன்று, 2017இல் நோவோ நோர்டிஸ்க் கம்பனி நோவோபென் எக்கோ பேனையின் சில தொகுதிகளில் காட்ரிஜைத் தாங்கும் பகுதியைத் திரும்பப் பெற்றது. சில துப்புரவுத் திரவங்கள் பட்டால் அதில் வெடிப்பு விழுந்து உடையக் கூடும் என்று கண்டு, கம்பனியே அறிவித்து மாற்றிக் கொடுத்தது. வீட்டில் துடைக்கும் துணியில் என்ன இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டிய தொழில் இது. அப்படி வெளியே சொன்ன கம்பனி மீது எனக்கு மரியாதைதான் கூடியது.

மாமியின் பேனையை எடுத்துப் பாருங்கள். பேனை கருவி, காட்ரிஜ் மருந்து, ஊசி இன்னொரு கருவி. ஊசியை வேறொரு கம்பனியே செய்திருக்கலாம். ஒரு கம்பனியின் காட்ரிஜ் மற்றக் கம்பனியின் பேனைக்குப் பெரும்பாலும் பொருந்துவதும் இல்லை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது தொழிற்சாலையில் இல்லை, மாமியின் கையில். அதற்கு முன் கடைசியாகப் பார்க்கும் கண் பாமசியில் நிற்பவருடையது. அதனால்தான் கடையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

குறைகளும் உண்டு. நாலு மில்லிமீற்றர் ஊசி அடிக்கடி முடிந்துவிடுகிறது. அது இல்லாமல் நீட்டு ஊசியை எடுத்துப் போகும் மெலிந்த ஆட்களுக்குத் தசையில் இறங்கிவிடும். இதை முன்கூட்டியே தருவித்து வைக்க வேண்டும், நான் சொல்லியும் இருக்கிறேன். தமிழில் கொடுக்கும் விளக்கத் தாள் பலமுறை போட்டோக் கொப்பி அடித்து எழுத்து அழிந்துபோய் இருக்கிறது. அதை வாசிக்க வேண்டியவர்களே கண் தெரியாத ஆட்கள்! மத்தியானத்தில் போன் எடுத்தால் பதில் வருவதில்லை. இருக்க ஒரே ஒரு வாங்குதான். கிளினிக் முடிந்து வரும் முதியவர்கள் வாசலில் வெயிலில் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் எனக்குத் திருப்தி இல்லை. அந்தப் பிழையைக் கடைக்குள் திருத்தினார்கள், நல்லது. ஆனால் ஒரேமாதிரியான பெட்டிகள் மன்னாரிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உள்ள கடைகளிலும்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வெளியே தெரிவிக்காவிட்டால் அங்கே அது மறுபடி நடக்கும். இதைச் சொன்னபோது மருந்தாளர் ஏற்றுக்கொண்டார். இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்துப் படம் எடுத்து, இறக்குமதி செய்யும் முகவருக்குக் கடிதம் அனுப்பியதாகப் பிறகு சொன்னார். பதில் இன்னும் வரவில்லையாம். திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறேன், அதிகார சபைக்கும் ஒரு பிரதி போட்டு.

அந்தத் தம்பி இப்போதும் அங்கேதான் நிற்கிறார். புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சிக்கு இன்சுலின் தட்டை அவர்தான் பழக்குகிறார். போனமுறை நான் மருந்துத் துண்டை நீட்டியபோது, அந்தத் தங்கச்சி வாசிக்கத் தொடங்க, இவர் கொப்பியை மூடிவிட்டு நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்குச் சில தகவல். கிளினிக் நாட்களில் காலை பத்து மணிக்குப் பிறகு சனம் கூடிவிடும், அதற்கு முன் போங்கள், அல்லது பின்னேரம் போங்கள். பேனையையும் முடிந்த காட்ரிஜையும் கையோடு கொண்டுபோங்கள், பார்த்துத்தான் தருவார்கள். ரெஜிபோம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்தவருக்கு உதவும். வீட்டில் பிரிட்ஜ் இல்லாதவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். ஒரு காட்ரிஜாகப் பிரித்துத் தருகிறார்கள், பாவிக்கும் காட்ரிஜை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் எப்படி வைப்பது, எத்தனை கிழமைக்குப் பிறகு எறிய வேண்டும் என்றும் சொல்லித்தருவார்கள்.